புதிய 'பேட்டில்ஸ்டார் கேலக்டிகா': எங்கே தொடங்குவது, யார் கருத்தை எப்போது கேட்பது

1978ல் வந்த பழைய தொடரைப் புதிதாக எடுத்த அமெரிக்க விண்வெளித் தொடரான 'பேட்டில்ஸ்டார் கேலக்டிகா' பார்க்கலாமா என்று யாராவது கேட்டால், இதுவரை அதைப் பற்றி என்னவெல்லாம் காதில் விழுந்தது என்று முதலில் விசாரித்துக்கொள்வேன். "கடைசியில் சொதப்பிவிட்டார்கள்", "ரெண்டு சீசனோடு நிறுத்திக்கொள்", "பழைய தொடரின் பெயரைக் கெடுத்துவிட்டார்கள்", "உலகத்திலேயே இதுதான் சிறந்த விண்வெளிப் போர்த் தொடர்" என்று நாலு பேர் நாலு விதமாகச் சொல்லியிருப்பார்கள். நாலும் உண்மையாகப் பார்த்தவர்கள் சொன்னதுதான். ஆனால் ஒவ்வொருவரும் எந்த வருஷம், எதை எதிர்பார்த்து, எந்த இடம்வரை பார்த்தார் என்று தெரியாமல் அந்தக் கருத்தை எடுத்துக்கொண்டால் நல்ல தொடர் ஒன்று கைநழுவிப் போய்விடும்.

நான் மதுரையில் நர்ஸாக இருக்கிறேன். இந்தத் தொடரை முழுசாக ஒரு தடவைக்கு மேல் பார்த்தாயிற்று. என் தம்பியை உட்காரவைத்துப் பார்க்கவைத்தேன், கூட வேலை பார்க்கும் அக்கா ஒருவருக்கும் பழக்கிவிட்டேன். புதிதாகப் பார்ப்பவருக்கு எந்த இடத்தில் சலிப்பு வரும், எந்த இடத்தில் அடுத்தவர் பேச்சு குழப்பும் என்பதெல்லாம் அவர்களோடு பார்த்ததில் தெரிந்துகொண்டது.

முதல் எபிசோடில் தொடங்காதீர்கள்

பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். 'சீசன் 1, எபிசோட் 1' என்று இருப்பதை அழுத்தினால் கதை பாதியில் தொடங்கும். உண்மையான தொடக்கம் 2003 டிசம்பரில் அமெரிக்காவின் சை-ஃபை சேனலில் இரண்டு இரவுகளாக வந்த மினி சீரிஸ். சுமார் மூன்று மணி நேரம். பல இடங்களில் இதைத் தனிப் படம் போலத் தனித் தலைப்பில் வைத்திருப்பார்கள், அதனால் தேடித்தான் எடுக்கவேண்டும். இரண்டு இரவாகப் பிரித்துப் பாருங்கள், அப்படிப் பார்க்கத்தான் எடுத்திருக்கிறார்கள்.

கதை இதுதான். மனிதர்கள் உண்டாக்கிய சைலான் என்ற இயந்திரங்கள் எதிர்த்துக் கிளம்பி, போர் நடந்து, உடன்பாடாகி நாற்பது வருஷம் ஆகிவிட்டது. ஒரு நாள் திடீரென்று திரும்பி வந்து பன்னிரண்டு கிரகங்களையும் அணுகுண்டு போட்டு அழிக்கின்றன. இப்போது சில சைலான்கள் பார்க்க மனிதர்களாகவே இருக்கின்றன. மியூசியமாக்கப்படவிருந்த பழைய போர்க்கப்பல் கேலக்டிகாவும், சுமார் ஐம்பதாயிரம் பேரை ஏற்றிக்கொண்ட பயணிகள் கப்பல்களும் மட்டும் தப்பிக்கின்றன. கல்வி அமைச்சராக இருந்த லாரா ரோஸ்லின், பதவி வரிசையில் நாற்பத்து மூன்றாவது ஆள், முன்னால் இருந்தவர்கள் யாரும் மிஞ்சாததால் ஜனாதிபதி ஆகிறார். அதே நாள் காலையில்தான் அவருக்கு மார்பகப் புற்றுநோய் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மினி சீரிஸின் முதல் மணி நேரத்திலேயே சந்தையில் ஒரு கைக்குழந்தை சாகும் காட்சி வருகிறது. வீட்டில் சின்னக் குழந்தை இருப்பவர்கள் அதோடு நிறுத்திவிட்டுப் போனதைப் பார்த்திருக்கிறேன். அந்த அளவுக்குக் கொடுமை அடிக்கடி வராது. ஆனால் இரண்டாம் சீசனில் 'பெகாசஸ்' என்ற எபிசோடில் பெண் கைதிகளுக்கு நடக்கும் வன்முறை மனசைப் பிசையும். பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கிற தொடர் கிடையாது.

சப்டைட்டில் கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள். ரேடியோவில் பேசுவது, ராணுவ உத்தரவு, முணுமுணுப்பு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வரும். முடிந்தால் ஹெட்போனும் வேண்டும். பேர் மெக்ரியரியின் இசையில் டைகோ என்ற ஜப்பானிய மேளங்கள் அதிரும்போது ஒலியைக் குறைத்து, பேச்சு வரும்போது கூட்டி என்று ரிமோட்டோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்காது. டைட்டில் பாட்டைக் கவனித்துக் கேளுங்கள். பெண் குரலில் வருவது காயத்ரி மந்திரம். அமெரிக்கப் பார்வையாளர்களுக்கு ஏதோ அன்னிய மொழிப் பிரார்த்தனையாகக் கேட்டது, நமக்கு முதல் வரியிலேயே பிடிபட்டுவிடும். விண்வெளிப் போரின் தொடக்கத்தில் அதைக் கேட்கும்போது எனக்கு இப்போதும் உடம்பு சிலிர்க்கும்.

'33' வரை யார் பேச்சையும் கேட்காதீர்கள்

மினி சீரிஸ் முடிந்ததும் வருவது '33'. இது 2005ல் அறிவியல் புனைகதைக்கான ஹ்யூகோ விருது வாங்கிய எபிசோட். முப்பத்து மூன்று நிமிஷத்துக்கு ஒரு தடவை சைலான்கள் வந்து தாக்குகின்றன. ஒவ்வொரு தடவையும் கப்பல்கள் விண்வெளியில் வேறோர் இடத்துக்குத் தாவித் தப்பிக்கவேண்டும். ஐந்து நாளைக்கு மேலாக யாரும் தூங்கவில்லை.

தொடர்ந்து நைட் டியூட்டி பார்ப்பவளாக இதைச் சொல்கிறேன்: தூக்கமில்லாத மனிதர்களை இவ்வளவு சரியாகக் காட்டிய தொடரை நான் வேறு பார்த்ததில்லை. கொட்டாவி விட்டுக் கண்ணைக் கசக்கும் நடிப்பைத் தாண்டி இங்கே நிறைய இருக்கிறது. கேட்ட கேள்விக்குப் பதில் வர ஒரு நொடி தாமதமாகும். அற்ப விஷயத்துக்கு எரிந்து விழுவார்கள். விமானிகளுக்கு விழித்திருக்க மாத்திரை கொடுக்கிறார்கள், ஸ்டார்பக் என்ற பெண் விமானி வேண்டாம் என்கிறாள், அவளுடைய மேலதிகாரி லீ அடாமா அவளோடு அதற்கே சண்டை போடவேண்டியிருக்கிறது. ஷிப்ட் மாறும் நேரத்தில் எங்கள் வார்டில் கேட்கும் குரல்கள் அப்படியே அதில் இருக்கும். இடையில் ஒரு பயணிகள் கப்பல் பின்தங்கிப்போகிறது. அது இல்லாத அந்தத் தடவை சைலான்கள் வரவில்லை. பிறகு அந்தக் கப்பல் தானாகத் திரும்பி வருகிறது. உள்ளே மனிதர்கள் இருக்கிறார்களா, சைலான்கள் அதன் வழியாகத்தான் பின்தொடர்கின்றனவா என்று யாருக்கும் தெரியாது. முடிவெடுக்க நேரமும் இல்லை. எபிசோட் முடிகிறபோது ரோஸ்லின் தன் வெள்ளைப் பலகையில் உயிர்பிழைத்தவர்களின் எண்ணிக்கையைத் திருத்தி எழுதுகிறார். ஒரு குழந்தை பிறந்திருக்கிறது. 47,973.

இதைப் பார்த்துவிட்டும் ஒட்டவில்லை என்றால், உங்கள் ரசனைக்கான தொடர் இல்லை என்று தாராளமாக விட்டுவிடலாம். அதற்கு முன்னால் எந்த விமர்சனமும், எந்த நட்சத்திர மதிப்பெண்ணும் வேண்டாம். நல்லா ஓய்வெடுத்த ஒரு நாளில் பாருங்கள், அசந்துபோய் வந்து பார்த்தால் இந்த எபிசோட் உங்களையும் சேர்த்துக் களைப்பாக்கிவிடும்.

என் தம்பிக்கு வேறு விதமான குறை இருந்தது. "விண்வெளிக் கதையில் வயர் வைத்த டெலிபோன் எதுக்கு? டை கட்டிக்கொண்டு பேப்பரில் கையெழுத்துப் போடுகிறார்களே" என்றான். பலரும் கேட்கும் கேள்விதான். மினி சீரிஸை மறுபடி ஓட்டி, புதிய ரக வைப்பர் விமானங்கள் ஒரு சிக்னலில் அணைந்து வானத்தில் மிதக்கும் இடத்தைக் காட்டினேன். சைலான்கள் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து எல்லாவற்றையும் முடக்கிவிடுகின்றன. கேலக்டிகாவின் கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கக் கூடாது என்று கப்பலின் தலைவரும் லீயின் அப்பாவுமான கமாண்டர் அடாமா பிடிவாதமாக இருந்ததால்தான் அது பிழைத்தது. மியூசியத்துக்கு வைத்திருந்த பழைய வைப்பர்களை ஓட்டித்தான் போராடுகிறார்கள். அந்த வயர் வைத்த போனுக்குக் கதைக்குள்ளேயே காரணம் இருக்கிறது. தம்பி அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கருத்துச் சொல்பவரிடம் கேட்கவேண்டியது

'33' தாண்டியாயிற்று என்றால் அடுத்தவர் கருத்தைக் கேட்கலாம், பிரச்சினை இல்லை. ஆனால் அவர் எந்த வழியாக வந்தவர் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

1978ல் ஏபிசி சேனலில் வந்த மூலத் தொடரைப் பார்த்து வளர்ந்தவர்கள் ஒரு வகை. கிளென் லார்சன் உருவாக்கியது, லார்ன் கிரீன் அடாமாவாக நடித்தது, ஒரே சீசன்தான். அது சாகசம் நிறைந்த, குடும்பத்தோடு பார்க்கிற தொடர். சுருட்டும் சீட்டாட்டமுமாகத் திரியும் ஸ்டார்பக் அதில் ஆண், டர்க் பெனடிக்ட் நடித்தார். ரொனால்ட் டி. மூரும் டேவிட் ஐக்கும் புதிதாக எடுத்தபோது ஸ்டார்பக் பெண்ணானாள், கேட்டி சாக்காஃப் வந்தார். பூமர் வேடமும் பெண்ணானது, கிரேஸ் பார்க் நடித்தார். பழைய ரசிகர்களில் பெரும் பகுதி கொதித்துப்போனது. பெனடிக்டே அதைக் கடுமையாகத் தாக்கி ஒரு கட்டுரை எழுதினார். பழைய தொடரில் அப்போலோவாக நடித்த ரிச்சர்ட் ஹாட்ச், அந்தக் கதையையே தொடரவேண்டும் என்று தன் சொந்த முயற்சியில் ஒரு டிரெய்லர்கூட எடுத்து வைத்திருந்தவர், புதிய தொடரை ஆரம்பத்தில் எதிர்த்தவர். அவரே பிறகு இதில் டாம் ஸாரெக் என்ற கைதி-அரசியல்வாதியாக வந்து பிரமாதமாக நடித்தார். ஸாரெக் பேசும் காட்சிகளில் அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது.

இவர்களுடைய கோபத்தை ஒதுக்கவேண்டாம். சின்ன வயசில் நேசித்த ஒன்றைத் தங்களிடமிருந்து பறித்ததாக அவர்களுக்குப் பட்டது. ஆனால் "ஸ்டார்பக் பெண்ணாக இருப்பது சரியா" என்ற கேள்விக்கு நீங்கள் அவர்களிடம் விடை தேடவேண்டியதில்லை. முதல் சீசனில் 'ஃப்ளெஷ் அண்ட் போன்' பாருங்கள். ஸ்டார்பக் ஒரு சைலான் கைதியை விசாரிக்கிறாள், சித்திரவதை செய்கிறாள், அவன் அவளுடைய வாழ்க்கையையே பேசத் தொடங்குகிறான். கடைசியில் அவள் அவனுக்காகப் பிரார்த்திக்கிறாள். அந்தப் பாத்திரம் யாருடையது என்ற சந்தேகம் எனக்கு அங்கேயே தீர்ந்துவிட்டது. பழைய தொடரை முன்கூட்டிப் பார்க்கவேண்டிய அவசியமில்லை. முதல் சீசன் முடித்தபின் அதன் தொடக்க எபிசோடை ஒரு தடவை பாருங்கள், போதும். கோபத்தின் காரணம் புரியும்.

இரண்டாவது வகை, 2003 முதல் 2009 வரை வாராவாரம் காத்திருந்து பார்த்த அமெரிக்கர்கள். செப்டம்பர் 11 தாக்குதல் நடந்து இரண்டு வருஷம்கூட முழுசாகக் கடக்காதபோது எழுதத் தொடங்கிய கதை இது. எதிரி நம்மைப் போலவே முகம் வைத்திருக்கிறான், பக்கத்தில் நிற்பவன் யார் என்று தெரியாது, ஜனாதிபதிக்கும் ராணுவத் தளபதிக்கும் யார் பேச்சு செல்லும் என்று இழுபறி. இதெல்லாம் அவர்களுக்கு அன்றைய செய்தி. அதனால்தான் அவர்கள் இதை அரசியல் தொடராகவே நினைவு வைத்திருக்கிறார்கள். அவர்கள் "மூன்றாம் சீசன் நடுவில் இழுவை" என்றால், வாராவாரம் காத்திருந்து ஒரு சுமாரான எபிசோட் வந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்து அதைக் கொஞ்சம் குறைத்து எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே வாரத்தில் நாலு பார்க்கிற நமக்கு அது அவ்வளவு தெரியாது.

மூன்றாவது வகை, இப்போது ஒரு மாதத்தில் மொத்தத்தையும் முடித்தவர்கள். இவர்கள் பேச்சு பெரும்பாலும் கடைசி எபிசோடைச் சுற்றியே இருக்கும். அவர்களிடம், மூன்றாம் சீசன் தொடக்கத்தில் வரும் "நியூ கேப்ரிக்கா எபிசோடுகள் எப்படி இருந்தன?" என்று கேளுங்கள். விவரமாகச் சொன்னால் உட்கார்ந்து பேசலாம். ஞாபகமில்லை என்றால் அவர் முடிவை மட்டும்தான் மதிப்பிடுகிறார்.

எதை விடலாம், எதை விடக் கூடாது

இரண்டாம் சீசனில் 'பிளாக் மார்க்கெட்' என்ற எபிசோடை எல்லோரும் திட்டுவார்கள். மூரே தன் பாட்காஸ்டில் அது சரியாக வரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். அதை விட்டுவிடலாம், கதை அறுந்துபோகாது. அந்தப் பாட்காஸ்டுகள் கிடைத்தால் கேளுங்கள். எபிசோடுக்கு எபிசோட் மூர் தன் எழுத்தைத் தானே கிழித்துப் போடுவார், எந்த ரசிகரின் விமர்சனத்தையும் விட அதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

ஆனால் மூன்றாம் சீசனின் 'தி வுமன் கிங்'கையும் அதே பட்டியலில் சேர்த்துவிடுகிறார்களே, அதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். சாஜிட்டாரன் என்ற மக்கள் மருந்து மாத்திரையை நம்பாதவர்கள். அவர்களுக்குள் நோய் பரவுகிறது. சிகிச்சை தரும் டாக்டர் ஒருவர் அவர்களில் சிலரை வேண்டுமென்றே சாகவிடுகிறார் என்று ஹீலோ என்ற அதிகாரி சந்தேகப்படுகிறார், யாரும் நம்புவதில்லை. காட்டில் (Cottle) என்ற கப்பல் டாக்டர்கூட முதலில் சக டாக்டர் பக்கம்தான் நிற்கிறார். சொன்னதைக் கேட்காத நோயாளிகள்மேல் எரிச்சல் வருவதும், அந்த எரிச்சல் கவனிப்பைக் குறைப்பதும் எந்த ஆஸ்பத்திரியிலும் நடக்கக்கூடிய விஷயம். கதையை முடித்த விதம் அவசரம், உண்மைதான். அதற்காகத் தாண்டிப் போகாதீர்கள்.

எனக்கு உண்மையாகவே மனக்குறை தந்தது வேறு எபிசோட். இரண்டாம் சீசனின் 'எபிஃபனீஸ்'. ரோஸ்லின் சாகும் தறுவாயில் இருக்கும்போது, இன்னும் பிறக்காத ஒரு சிசுவின் ரத்தம் புற்றுநோயை ஒரே அடியாகக் குணமாக்கிவிடுகிறது. அதுவரை அந்த நோயை எவ்வளவு நேர்மையாகக் காட்டிவந்தார்கள்! யாரிடமும் சொல்லாமல் மறைத்தது, நின்றபடியே தள்ளாடுவது, கமல்லா என்ற மூலிகைச் சாற்றைக் குடித்துக் காட்சிகள் தெரிவது, எல்லாம். அந்த ரத்தம் அத்தனையையும் ஒரே காட்சியில் துடைத்துவிட்டது. இந்த விஷயத்தில் கோபப்படும் ரசிகர்கள் பக்கம்தான் நான்.

நான்காம் சீசனில் நோய் திரும்பி வருகிறது, தொடரும் தன் கடனைத் தீர்க்கிறது. 'ஃபெயித்' எபிசோடில் ரோஸ்லின் சிகிச்சைக்குப் படுத்திருக்க, பக்கத்துக் கட்டிலில் எமிலி என்ற இன்னொரு புற்றுநோயாளி. ஜனாதிபதி என்ற மரியாதை எதுவும் அங்கே இல்லை. இரண்டு பேர் அருகருகே படுத்துக்கொண்டு, வாந்திக்கும் வலிக்கும் நடுவில், செத்தபின் என்ன என்று பேசுகிறார்கள். எமிலி தான் கனவில் கண்ட படகையும் ஆற்றின் அக்கரையையும் சொல்கிறாள், ரோஸ்லின் தன் அம்மா செத்த விதத்தைச் சொல்கிறார். ரோஸ்லினாக நடித்த மேரி மெக்டானல் அந்தக் காட்சியில் குரலை உயர்த்துவதே இல்லை. புற்றுநோய் வார்டில் இரவு பேசிக்கொள்ளும் பேச்சு அப்படித்தான் இருக்கும். என்னோடு பார்த்த அக்கா அந்த எபிசோட் முடிந்ததும் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. "போர் நடக்கவே இல்லை, ஒரே பேச்சு" என்று இந்த எபிசோடைக் குறைசொல்லும் விமர்சனத்தை எங்காவது பார்த்தால், அவரும் நீங்களும் வேறு வேறு தொடர் பார்க்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

'ரேஸர்' என்ற தனிப் படம் மூன்றாம் சீசனுக்கும் நான்காம் சீசனுக்கும் நடுவில், 2007 நவம்பரில் வந்தது. அந்த இடத்திலேயே பாருங்கள். கதைக் காலப்படி இரண்டாம் சீசனுக்கு நடுவில் செருகச் சொல்பவர்கள் உண்டு, முதல் தடவை பார்ப்பவர்கள் அப்படிச் செய்யவேண்டாம், பின்னால் வருவதற்கான குறிப்பு அதில் இருக்கிறது.

இதற்குக் கீழே மூன்றாம் சீசன் கதையும் முடிவும் வருகின்றன. அதுவரை பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

நியூ கேப்ரிக்கா, அப்புறம் முடிவு

மூன்றாம் சீசனின் முதல் நாலு எபிசோடுகளை இடைவெளி விடாமல் பாருங்கள். மனிதர்கள் குடியேறிய கிரகத்தைச் சைலான்கள் ஆக்கிரமித்து ஆட்சி நடத்துகின்றன. நாம் இத்தனை நாள் நேசித்தவர்கள் தற்கொலைப் படையை அனுப்புகிறார்கள். சைலான்களுக்கு வேலை பார்க்கும் மனிதப் போலீஸ்காரர்களின் பட்டமளிப்பு விழாவில் குண்டு வெடிக்கிறது. இது 2006 அக்டோபரில், அமெரிக்கப் படை ஈராக்கில் இருந்தபோது, அமெரிக்க டிவியில் வந்தது. தங்கள் நாட்டு ராணுவம் எந்தப் பக்கத்தில் நிற்கிறது என்று பார்வையாளர்கள் யோசிக்கவேண்டியிருந்தது. அதனால் அன்று வந்த கருத்துகள் இரண்டாகப் பிளந்து கிடந்தன. உடனே அடுத்து 'கொலாபரேட்டர்ஸ்' பாருங்கள். தப்பித்து வந்தபின், எதிரிக்கு உதவியவர்களை ரகசியமாக விசாரித்து விண்வெளியில் தள்ளிக் கொல்கிறார்கள். நிறையப் பேர் போர்க் காட்சிகளை ஞாபகம் வைத்துக்கொண்டு இதை மறந்துவிடுகிறார்கள். என் கணக்கில் அந்த வரிசையிலேயே கனமானது இதுதான்.

நான்காம் சீசனில் 'ரெவலேஷன்ஸ்' முடிந்ததும் சில நாள் நிறுத்துங்கள். எழுத்தாளர்கள் வேலைநிறுத்தத்தால் படப்பிடிப்பு நின்றுபோய், ஒளிபரப்பிலும் 2008 ஜூனிலிருந்து 2009 ஜனவரி வரை அந்த இடத்தில் இடைவெளி விழுந்தது. அந்த எபிசோடின் கடைசிக் காட்சி அத்தனை நாள் தாங்கக்கூடியது. இந்த இடைவெளியில் உங்கள் கருத்தை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். மதிப்பெண் வேண்டாம். எந்தக் காட்சி பிடித்தது, எது உறுத்தியது, எந்தக் கேள்விக்கு விடை வேண்டும் என்று எழுதினால் போதும். தொடரை முடிக்கும் 'டேபிரேக்' பார்த்தபின் அதை எடுத்துப் பாருங்கள். அதற்கப்புறம்தான் முடிவைப் பற்றி மற்றவர்கள் எழுதியதைப் படிக்கவேண்டும்.

'டேபிரேக்' பற்றிய சண்டையில் இரண்டு குற்றச்சாட்டு அடிக்கடி வரும். கடவுளைக் கொண்டுவந்து கதையை முடித்துவிட்டார்கள் என்பது ஒன்று. இது எனக்குச் சரியாகப் படவில்லை. சைலான்களின் ஒரே கடவுளும் மனிதர்களின் பல தெய்வங்களும் மினி சீரிஸிலிருந்தே பேச்சில் இருக்கிறார்கள். பால்டர் என்ற விஞ்ஞானியின் கண்ணுக்கு மட்டும் தெரியும் நம்பர் சிக்ஸ் என்ற பெண் உருவச் சைலான் ஆரம்பத்திலிருந்தே கடவுளைப் பற்றித்தான் ஓயாமல் பேசுகிறாள். இன்னொன்று, டைட்டிலில் சைலான்களைப் பற்றி 'அவர்களிடம் ஒரு திட்டம் இருக்கிறது' என்று போட்டுவிட்டு அந்தத் திட்டத்தைக் கடைசிவரை உருப்படியாகக் காட்டவில்லை, ஸ்டார்பக்கின் முடிச்சையும் அவிழ்க்கவில்லை என்பது. இதில் நியாயம் இருக்கிறது, மறுக்கமாட்டேன்.

என் சொந்தக் குறை வேறு. பூமிக்கு வந்தவர்கள் கப்பல்களைச் சூரியனுக்குள் அனுப்பிவிட்டு, இருக்கிற தொழில்நுட்பம் எல்லாம் வேண்டாம் என்று காட்டுக்குள் நடந்துபோகிறார்கள். பிரசவ வலியில் ஒரு பெண் கிடக்கும்போது, குழந்தைக்குக் காய்ச்சல் ஏறும்போது என்ன செய்வார்கள்? டாக்டர் காட்டில் (Cottle) மாதிரி ஒருவர் இதற்கு எப்படிச் சம்மதித்தார்? அத்தனை பேரில் ஒருவர்கூட எதிர்த்துக் கத்தவில்லை என்பதை ஒரு நர்ஸாக என்னால் ஏற்க முடியவில்லை. நாலு சீசனாக ஒவ்வொரு உயிரையும் பலகையில் எண்ணிய தொடர், அந்த உயிர்கள் இனி எப்படிப் பிழைக்கும் என்று ஒரு காட்சியாவது வைத்திருக்கவேண்டும். இதைச் சொல்லிக்கொண்டே ரோஸ்லினும் அடாமாவும் கடைசியாகச் சேர்ந்து பறக்கும் காட்சியில் ஒவ்வொரு தடவையும் அழுதுமிருக்கிறேன்.

எல்லாம் முடிந்தபின் 'தி ப்ளான்' பார்க்கலாம். அடாமாவாக நடித்த எட்வர்ட் ஜேம்ஸ் ஓல்மோஸ் இயக்கியது, 2009 அக்டோபரில் வந்தது. மினி சீரிஸ், முதல் இரண்டு சீசன் சம்பவங்களைச் சைலான்கள் பக்கமிருந்து காட்டும். தவறியும் முன்னால் பார்த்துவிடாதீர்கள், யார் யார் சைலான் என்பது எல்லாம் அதில் வெளிப்படையாக இருக்கிறது. முன்கதையான 'கேப்ரிக்கா' ஒரு சீசனோடு நின்றுவிட்டது. அதற்கு அவசரமே இல்லை. அந்த நேரத்தில் '33'ஐ இன்னொரு தடவை பார்க்கலாம்.